செவ்வாய்க்கிழமைத் தண்ணீர்

வண்டிகளை உயர்த்தித் தரும் டயர் கடைக்கு முன்னால் ஏழு பிக்கப் வண்டிகள் வரிசையாக நின்றன. முதலாவது கம்பெனியிலிருந்து இறங்கிய உயரத்தில் இருந்தது. அடுத்தது அதைவிட இரண்டரை அங்குலம் கூட. அதற்கடுத்தது நாலு, பிறகு ஆறு. இப்படியே ஏறிக்கொண்டு போய், கடைசி வண்டியின் கதவைத் திறக்க வேண்டுமானால் குரங்காகப் பிறந்திருக்க வேண்டும். வாயால் அங்குலம் சொன்னால் ஆண்பிள்ளைகளுக்கு மண்டையில் ஏறாது, கண்ணால் காட்ட வேண்டும் என்று கடைக்காரி ட்ரெஸ்ஸா கோம்ஸின் மாமனார் செய்துவைத்த ஏற்பாடு அது. மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். கண்ணால் பார்த்த பிறகும் பாதிப் பேர் கடைசி வண்டியைத்தான் கேட்கிறார்கள்.

வெர்னா ஸ்லோன் தங்கள் பழைய வெள்ளை வண்டியை விட்டு இறங்காமலே அந்த வரிசையைப் பார்த்தாள். அன்று புதன்கிழமை. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் அவளுக்கு டயாலிசிஸ். புதன் என்பது உடம்பில் பாதியாவது திரும்பி வந்து சேரும் நாள். அந்தப் பாதியையும் டயர் கடையில் கொண்டுவந்து உட்கார வைக்கிறானே என்று புருஷன் மேல் ஆத்திரம் வந்தது. ஆத்திரப்படவும் தெம்பு வேண்டியிருந்ததால் விட்டுவிட்டாள்.

"எறங்கு வெர்னா. நீயும் வந்து பாரு," என்றான் ஆர்லிஸ்.

"டயர்ல நான் என்னத்தப் பாக்க? கறுப்பா இருக்கும், உருண்டையா இருக்கும்."

"சும்மா உக்காரவாவது வாயேன். உள்ள ஹீட்டர் போட்டிருக்கு."

முப்பத்துமூன்று வருஷம் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் ஊர்ந்தவன் ஆர்லிஸ். கரித்தூசி நுரையீரலில் குடியேறிவிட்டது. இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினால் மூன்றாவதுக்கு நின்று மூச்சு வாங்க வேண்டும். அப்படிப்பட்டவன் வண்டியைச் சுற்றிவந்து கதவைத் திறந்து, அவள் இடது முழங்கையைப் பிடித்து இறக்கினான். வலது கையை யாரும் தொடக்கூடாது. டயாலிசிஸ் ஊசி ஏற்றுவது அதில்தான், அதுதான் ஊசிக் கை. முதலில் இடது கையில் செய்த ரத்தக்குழாய் வழி அடைத்துப்போய், போன வருஷம் வலதுக்கு மாற்றினார்கள். அந்தக் கையால் பாரம் தூக்கக்கூடாது, எதையும் பிடித்துத் தொங்கக்கூடாது, தலைக்கு வைத்துப் படுக்கவும் கூடாது.

"அடடா, வெர்னாம்மாவா!" உள்ளிருந்து ட்ரெஸ்ஸா கத்தினாள். நாற்பது வயசு, கிரீஸ் படிந்த மேலங்கி, காதில் பென்சில். வெர்னா இருபத்தாறு வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் இருந்தவள். அந்தப் பள்ளத்தாக்கில் நாற்பது வயசு வரை இருக்கும் எல்லா வயிறும் அவள் கை ரொட்டி தின்று வளர்ந்ததுதான். "உங்க ரொட்டிக்காகவே நான் அஞ்சாங்கிளாஸ ரெண்டு தடவ படிச்சேன்."

"பொய் சொல்லாத. கணக்கு வராம படிச்ச."

"அதுவும் ஒரு காரணம்," என்று சிரித்துக்கொண்டே அவளுக்கு நாற்காலி இழுத்துப் போட்டாள். பிறகு ஆர்லிஸ் பக்கம் திரும்பினாள். "சொல்லுங்கண்ணே. எங்க ஓட்டுறீங்க, எதுக்குத் தூக்கணும்? ஏன்னா இந்த ஊருல பாதிப் பேரு காபி வாங்கப் போறதுக்கு ஆறு இஞ்ச் கேக்குறான்."

"ஓடையத் தாண்ட," என்றான் ஆர்லிஸ்.

ட்ரெஸ்ஸாவுக்கு அது போதும். அந்த மலைகளில் வீடு என்றால் ஓடைக்கு அந்தப் பக்கம்தான் இருக்கும். மூன்று வருஷத்துக்கு முன் வந்த வெள்ளத்தில் ஸ்லோன் வீட்டுப் பாலம் போயிற்று, பக்கத்திலிருந்த நடைப்பாலமும் அதோடு போயிற்று. பாலம் போட்டுத் தருகிறோம் என்று வந்து அளந்து, படம் பிடித்து, கையெழுத்து வாங்கிப் போனவர்கள் போனவர்கள்தான். அன்றிலிருந்து ஆர்லிஸ் தண்ணீருக்குள்ளேயே வண்டியை இறக்கி ஏற்றுகிறான். சாதாரண நாளில் அரைச் சக்கரம் நனையும். மலையில் மழை பெய்தால் ஒரு மணி நேரத்தில் தண்ணீர் இடுப்புக்கு வரும், மூன்று மணி நேரத்தில் வந்த சுவடு தெரியாமல் வடியும்.

அந்த மூன்று மணி நேரம்தான் தொல்லை. டயாலிசிஸ் மையத்தில் வெர்னாவின் நாற்காலி காலை ஆறு மணிக்கு. நாற்பது மைல் தூரம். ஆறுக்கு உட்காராவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும். பிறகு நர்ஸ் போன் பண்ணி வைது, மறுநாளோ அதற்கு மறுநாளோ எங்காவது ஒரு மூலையில் இடம் பார்த்துத் தருவாள். அதற்குள் கால் இரண்டும் வீங்கிவிடும்.

ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்று ஆர்லிஸ் ஓடை நடுவில் ஒரு வேலிக்கம்பை அடித்து, அங்குலம் அங்குலமாக வெள்ளைக் கோடு போட்டுவைத்தான். கம்பைப் பார்ப்பது வெர்னாவின் வேலை. அவளுக்கு நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடும். அவனோ விடிய விடிய சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து இருமிவிட்டு, மூன்று மணிக்கு மேல்தான் கண்ணயர்வான். அவள் வாசலில் நின்று டார்ச் அடித்துக் கம்பைப் பார்ப்பாள். தண்ணீர் பதினெட்டாம் கோட்டுக்குக் கீழே இருந்தால் கிளம்பும் நேரத்தில் அவனை எழுப்புவாள். மேலே இருந்தால், "ஏறிப்போச்சு, நீ தூங்கு," என்று எண்ணைச் சொல்வாள். எழுந்த பிறகு அவன் அந்த எண்ணைக் காலண்டரில் எழுதிவைப்பான்.

இப்போது அந்தக் காலண்டர் தாள்களைத்தான் மேல்சட்டைப் பையிலிருந்து எடுத்தான். சவ அடக்கம் செய்யும் கம்பெனி வருஷா வருஷம் இலவசமாகக் கொடுக்கும் காலண்டர். அஞ்சு மாசத்தை அப்படியே கிழித்து நாலாக மடித்துக் கொண்டுவந்திருந்தான். மேஜையில் நீவி வைத்தபோது வெர்னா கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏழு நாளு போக முடியல," என்று அவன் விரலை வைத்துக் காட்டினான். "இருபத்தொண்ணு. இருபத்தாறு. பத்தொம்போது. இருபத்தெட்டு. இருபத்துநாலு. முப்பத்தெட்டு, அது பிரளயம், அத விடு. அப்புறம் இந்தா, முப்பத்தொண்ணு. முப்பத்தொண்ணத் தாண்டணும். அதான் எனக்கு வேணும்."

"முப்பத்தொண்ணா?" ட்ரெஸ்ஸா காதுப் பென்சிலை எடுத்தாள். "அண்ணே, இப்ப உங்க வண்டி பதினெட்டுக்கு மேல தாங்காது. முப்பத்தொண்ணுன்னா வெறும் லிப்ட் பத்தாது. ஆறு இஞ்ச் தூக்கி, முப்பத்தஞ்சு இஞ்ச் டயரு போட்டு, எஞ்சினுக்குக் காத்து போற குழாய மேல ஏத்தி வச்சு... அப்பவும் மெதுவாத்தான் போகணும்."

"போடு."

"வெல கேக்க மாட்டீங்களா?"

"படக வித்துட்டேன்."

வெர்னா நிமிர்ந்து பார்த்தாள். இது அவளுக்குத் தெரியாது. அணைக்கட்டு ஏரியில் மீன்பிடிக்க அவன் வைத்திருந்த அலுமினியப் படகு. சுரங்கத்திலிருந்து வந்த பிறகு அவன் சந்தோஷமாக இருந்தது அந்தப் படகில்தான்.

"எப்ப வித்த?" என்றாள்.

"ஞாயித்துக்கெழம. உன் தங்கச்சி மவன்கிட்ட. நீ தூங்கிட்டிருந்த."

"என்கிட்ட ஒரு வார்த்த கேக்க மாட்டியா?"

"கேட்டா வேணாம்ப. படகுல ஏறி ஒன்ன டயாலிசிசுக்குக் கூட்டிட்டுப் போக முடியுமா?"

அவள் காலண்டர் தாள்களைப் பார்த்தாள். அந்த முப்பத்தொன்று பொய். இருபத்தாறும் பொய், இருபத்தெட்டும் பொய். அந்த மூன்று விடிகாலைகளுக்கும் முந்தின இரவு லேசாகத் தூறியது உண்மை. டார்ச் அடித்தபோது கம்பில் பன்னிரண்டு, பதின்மூன்றுதான் இருந்தது. மூன்றுமே செவ்வாய்க்கிழமைகள். சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கும் நடுவில் இரண்டு நாள் இடைவெளி. அந்த இரண்டு நாளில் உடம்பில் சேர்ந்த நீரை எல்லாம் செவ்வாயன்று மெஷின் உறிஞ்சி எடுக்கும்போது கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும், தலை பிளக்கும், வீட்டுக்கு வந்தால் பேச்சு வராது. ஒரு நாளைக்கு நாலு தம்ளர் தண்ணீர்தான் குடிக்கலாம் என்று அளந்து கொடுக்கப்பட்டவள் அவள். ஓடை நிறையத் தண்ணீரைப் பார்த்து அவளுக்குப் பொறாமைகூட வந்ததுண்டு.

முதல் பொய் சொன்ன அன்று திரும்பிப் படுத்து ஒன்பது மணி வரை தூங்கினாள். இரண்டு வருஷத்தில் அப்படித் தூங்கியதில்லை. அவனும் தூங்கினான். நாற்காலியில் வாய் திறந்து, இருமாமல் தூங்கினான். அதைப் பார்த்தபோது அவளுக்குக் குற்றமாகவே தோன்றவில்லை. இரண்டு பேருக்கும் நல்லதுதானே செய்தோம் என்று இருந்தது. இரண்டாவது பொய் முதலாவதைவிட எளிதாக வந்தது. மூன்றாவதுக்கு, நம்ப வேண்டுமே என்று எண்ணைக் கொஞ்சம் கூட்டிச் சொன்னாள். முப்பத்தொன்று.

"டயரு எது போடட்டும்?" ட்ரெஸ்ஸா சுவரில் சாய்ந்திருந்த இரண்டைத் தட்டிக் காட்டினாள். "இது சேத்து டயரு. ஓடைக்கு ராஜா. ஆனா தார் ரோட்டுல நாப்பது மைலும் ஊளையிடும்."

"சத்தம் ஆகாது," என்றான் ஆர்லிஸ் உடனே. "வர்றப்ப இவளுக்குத் தலவலி. கண்ணாடியில தலைய சாச்சுட்டு வருவா."

"அப்ப இது. எல்லாத் தரைக்கும் பொது. ரிம்மு?"

"எதாவது கறுப்பா போடு."

"எதாவதுன்னா இருவதிஞ்ச் பளபளான்னு எடுத்து மாட்டிருவேன், காசு பாத்துருவேன். மாட்டமாட்டேன், வெர்னாம்மா ரொட்டி வயித்துல இருக்கு. கல்லுல ஏறுற வண்டிக்கு ரிம்மு சின்னதா இருக்கணும், டயருல ரப்பர் சத தடிமனா இருக்கணும். பதினேழு போடுறேன், சாதா இரும்பு. பள்ளத்துல எறங்குனா அம்மாவுக்கு இடுப்புல தெரியாது." பென்சிலைக் காதில் செருகினாள். "இப்ப முக்கியமான ஆளக் கேக்கணும். வெர்னாம்மா, ஒரு தடவ ஏறிப் பாருங்க. லிப்ட் போடுற எவனும் பக்கத்து சீட்ட அளக்கறதில்ல. போட்டுட்டுப் போயி, மறுவாரம் பொண்டாட்டி ஏறமாட்டேங்கறான்னு வந்து நிப்பான்."

"இவ ஏறிருவா," என்றான் ஆர்லிஸ்.

"உங்களக் கேக்கலண்ணே."

மூன்று பேரும் வெளியே வந்தார்கள். ஆறு அங்குலம் தூக்கிய வண்டி சிவப்பு. ட்ரெஸ்ஸா கதவைத் திறந்தாள். வண்டியின் தரை வெர்னாவின் தொடைக்கு மேலே இருந்தது. கதவுத் தூணில் பிடித்து ஏற ஒரு கைப்பிடி உண்டு. அது வலது கைக்கு வசதியாக, ஊசிக் கைக்கு நேரே தொங்கியது.

"ஒரு படி தொங்க விட்டா என்ன?" என்றான் ஆர்லிஸ்.

"தண்ணி இழுத்துட்டு வர்ற கட்டையும் கல்லும் ஒரே மாசத்துல பிடுங்கிட்டுப் போயிரும். உங்க ஓடைய நான் பாத்திருக்கேன்."

"அப்ப காலி பால் பெட்டியக் கவுத்துப் போட்டு ஏறட்டும்."

"அது சறுக்கும்ணே, அம்மா விழுந்துருவாங்க."

வெர்னா காலைத் தூக்கினாள். பாதம் விளிம்பைத் தொட்டது, ஆனால் அதில் உடம்பை ஏற்ற முடியவில்லை. இடது கையால் சீட்டைப் பற்றி ஒரு தடவை எம்பினாள். மறுபடி எம்பினாள். ரோட்டில் போன ஒருவன் வேகத்தைக் குறைத்துப் பார்த்துவிட்டுப் போனான். அவளுக்கு அவமானமாக இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும். நானூறு பிள்ளைகளுக்குச் சோறு போட்ட அண்டாவை ஒற்றை ஆளாகத் தூக்கி இறக்கியவள் அவள்.

"இரு, இரு," என்று ஆர்லிஸ் பின்னால் வந்து நின்றான். அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் இடுப்பைச் சுற்றிக் கை கொடுத்து ஒரே தம்மில் தூக்கினான். அவள் சீட்டில் போய் விழுந்தாள், சந்தைக்குப் போகும் தீவன மூட்டை மாதிரி. கதவு ஆடியது. பிறகு அவன் இருமத் தொடங்கினான்.

மேலேயிருந்து பார்த்தபோது அவன் தொப்பியும் குனிந்த முதுகும்தான் தெரிந்தன. ஒரு கையை டயரில் ஊன்றி, மறு கையில் கைக்குட்டையைப் பொத்தி, விடாமல் இருமினான். ட்ரெஸ்ஸா தண்ணீர் எடுக்க உள்ளே ஓடினாள். உதடு நீலம் பாரித்த பிறகுதான் அவனால் தலையை நிமிர்த்த முடிந்தது.

"சரியாப் போச்சு," என்றான். "பழகிரும். வாரத்துக்கு மூணு தடவதான."

போக வர ஆறு தடவை, என்று வெர்னா மனசுக்குள் எண்ணினாள். இவன் என்னைத் தூக்கித் தூக்கியே ஒரு நாள் இந்த டயரடியில் விழுவான். என்னுடைய பொய்யை வைத்து அளந்து வாங்கிய டயரடியில்.

"ஆர்லிஸ்."

"என்ன?"

"அந்த முப்பத்தொண்ணு பொய்யி."

அவன் கைக்குட்டையை மடித்தான். "என்னது?"

"தண்ணி அன்னைக்கி ஏறல. பன்னெண்டுதான் இருந்துச்சு. இருபத்தாறும் இல்ல, இருபத்தெட்டும் இல்ல. மூணு நாளு நான் பொய் சொன்னேன்."

ட்ரெஸ்ஸா தண்ணீரோடு வந்தவள், இரண்டு பேர் முகத்தையும் பார்த்து, தம்ளரை வண்டி முகப்பில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டாள். ஆர்லிஸ் தண்ணீரை எடுக்கவில்லை. சிவப்பு வண்டியின் பின் டயரில் முதுகைச் சாய்த்து அப்படியே நின்றான்.

"நான் போன் பண்ணி அந்த நர்சுகிட்ட எவ்வளவு மன்னாடினேன்," என்றான் கடைசியில். "ஓட ஏறிப்போச்சு, நாங்க என்ன பண்ணுவோம்னு."

"தெரியும்."

"படகு போச்சு."

"அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே சொல்லியிருப்பேன்."

"ஏன் வெர்னா?"

"அசதி." வேறு வார்த்தை தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. "அசதியா இருந்துச்சு, அவ்வளவுதான்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா நீ என்ன செஞ்சிருப்ப? இப்படித்தான் தூக்கிட்டுப் போயிருப்ப."

அவன் யோசித்தான். மறுக்க ஆசைதான், ஆனால் ஆர்லிஸ் அவளைப் போல அல்ல, அவனுக்குப் பொய் வராது. "ஆமா," என்றான். "தூக்கிட்டுத்தான் போயிருப்பேன்."

ரோட்டில் நிலக்கரி லாரி ஒன்று போனது. அது போய்ச் சத்தம் அடங்கும் வரை அவன் காத்திருந்தான். பிறகு அவளைப் பார்க்காமல், எதிரே இருந்த மலையைப் பார்த்துக் கேட்டான்.

"நிறுத்திரணும்னு இருக்கா ஒனக்கு?"

நிறுத்துவது என்றால் என்ன என்று இருவருக்கும் தெரியும். பக்கத்து நாற்காலிக்காரர் ஒருவர் டயாலிசிஸை நிறுத்தினார், அதற்குப் பிறகு பதினோரு நாள்தான் இருந்தார். வெர்னா அவசரப்படாமல் தனக்குள் தேடிப் பார்த்தாள். அவளுக்கே பதில் தெரிய வேண்டியிருந்தது.

"இல்ல," என்றாள். "சாகணும்னு இல்ல. எப்பவாச்சும் ஒரு செவ்வாக்கெழம தூங்கணும். அது மட்டுந்தான்."

அவன் தலையை ஆட்டினான். மேலும் கீழும், மெதுவாக, வெகுநேரம். "நீ மூணு நாளு பொய் சொன்னல்ல," என்றான் பிறகு. "அந்த மூணு நாளும் நான் நல்லாத் தூங்குனேன். அதுக்கு யார வையறதுன்னு தெரியல." அவன் கண் கலங்கியிருந்தது. இருமியதாலும் இருக்கலாம். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை.

அவளை இறக்க அவன் கையை நீட்டினான். அவள் அதை ஒதுக்கிவிட்டு, வயிற்றைச் சீட்டோடு உரசி, கால் தரையைத் தொடும் வரை தானே சறுக்கி இறங்கினாள். கவுன் முழங்காலுக்கு மேல் ஏறியது. ஏறட்டும்.

உள்ளே போய் ட்ரெஸ்ஸாவின் காதிலிருந்து பென்சிலை எடுத்து, காலண்டர் தாள்களில் மூன்று எண்களை அவளே அடித்தாள். ட்ரெஸ்ஸா பள்ளிக்கூட வரிசையில் தட்டோடு நிற்பவள் போல மரியாதையாக நின்றாள். அடித்தது போக மிஞ்சியவை நாலு: பத்தொன்பது, இருபத்தொன்று, இருபத்துநாலு, அந்தப் பிரளயம்.

"இப்ப கத வேற," என்றாள் ட்ரெஸ்ஸா. "ரெண்டர இஞ்ச் தூக்கி, முப்பத்துமூணு இஞ்ச் டயரு போட்டா இருபத்தொண்ணு வரைக்கும் பயமில்லாமப் போகலாம். நாலு இஞ்ச் போட்டா அந்த இருபத்துநாலும் தாண்டும். வெர்னாம்மா ரெண்டுலயும் ஏறிப் பாக்கட்டும்."

இரண்டரை அங்குல வண்டியில் வெர்னா இடது கையாலேயே ஏறி உட்கார்ந்தாள், கொஞ்சம் முனகலோடு. நாலு அங்குலத்தில் மூன்றாவது எம்பலில் ஏறினாள். வியர்த்துவிட்டது, ஆனால் யாரும் தூக்கவில்லை.

"நாலும் முடியும்," என்றாள் ஆர்லிஸிடம். "பழகிருவேன். நாலே போடு. இருபத்துநாலத் தாண்டணும்ல?"

ஆர்லிஸ் காலண்டரைப் பார்த்தான். இருபத்துநாலு விழுந்த நாள் எந்தக் கிழமை என்று விரலை மேலே ஓட்டிப் பார்த்தான். செவ்வாய். நிஜமாகவே தண்ணீர் ஏறிய ஒரே செவ்வாய். தாள்களை நாலாக மடித்துப் பையில் வைத்தான்.

"ரெண்டர போடு ட்ரெஸ்ஸா," என்றான்.

"நாலுக்கும் அதுக்கும் பெருசா வித்தியாசமில்லண்ணே, நூறு டாலரு..."

"ரெண்டர போதும். எப்பவாச்சும் ஒரு நாளு ஓடையே வேணாம்னு சொன்னா, அன்னைக்கி நாங்க ரெண்டு பேரும் தூங்குறோம்."

ட்ரெஸ்ஸா எழுதிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை காலையில் கொண்டுவந்து விட்டால் சாயங்காலம் தருவதாகச் சொன்னாள். சனிக்கிழமை டயாலிசிஸுக்குப் புது டயரில் போகலாம்.

பழைய வெள்ளை வண்டிக்கு இருவரும் நடந்தார்கள். அவன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான், அவள் ஏறினாள். அவன் சுற்றிவந்து உட்கார்ந்து, சாவியைப் போட்டு, திருப்பாமல் மூச்சு வாங்கினான். அவள் அவன் மூச்சு சீராகும் வரை பொறுத்தாள். சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைச் சொன்னால் வாரத்தில் அந்த மூன்று நாளும் அவன் தூக்கத்தில் கொஞ்ச நேரம் போகும் என்பதும் அவளுக்குத் தெரியும்.

"ஆர்லிஸ், நாளைலேருந்து நாலு மணிக்கு ஒன்ன எழுப்புறேன். டார்ச்ச நீ அடி, கம்ப நீ பாரு."

"எனக்கு அந்த நேரத்துல கண்ணே தெறக்காதே. நீயே பாரேன். இனிமே நீ பொய் சொல்லமாட்ட."

"வேணாம்யா," என்றாள் வெர்னா. "நான் பாத்தா தண்ணி ஏறிருது."